பலகைக்குப் பின்னால் விழுந்தது

பட்டனை அழுத்தினான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே காற்றாடி ஒரு துடி துடித்தது, கழுத்தைத் திருகின கோழி கடைசியாக ஒரு தரம் இறகை அடிக்குமே அப்படி, பிறகு நின்றுவிட்டது. அமலோற்பவம் அதைப் பார்க்கவில்லை, கேட்டாள். பக்கத்து அறையில் மாதா படத்துக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, கையில் ஜெபமாலையோடு, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவரோடு. கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே காது பழகின பொம்பிளைக்குக் கண் எதற்கு. டிக் என்றால் மகன் பெர்க்மான்சின் விரல். விர் என்றால் காற்றாடி. அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை என்றால் அவன் மூச்சு. வாயை இறுக்கி மூடி மூக்கு வழியாக விடுகிற மூச்சு. அந்த மூச்சு அவன் மூச்சு இல்லை. அவன் அப்பா தஸ்நேவிஸின் மூச்சு. ஆளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்து, மேலே சிமெண்டும் பூசி, சிலுவையும் நட்டு, வருஷா வருஷம் மெழுகுவர்த்தியும் ஏற்றியாகிறது. அந்த மூச்சு மட்டும் எப்படித் தப்பித்து வீட்டுக்கு வந்தது, எந்த ஜன்னல் வழியாக வந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, துக்க தேவ இரகசியம், சேசுவின் பாடுகளை ஒவ்வொன்றாக நினைத்து மணி உருட்டுகிற நாள். பூங்காவனத்தில் அவர் இரத்த வியர்வை வியர்த்தார். அருள் நிறைந்த மரியே. டிக். விர். ஒன்றுமில்லை. அருள் நிறைந்த. டிக். மெதுவாக அழுத்து மகனே, அது என்ன பண்ணும், அதுக்கு உயிரா இருக்கு. அது பண்ணவில்லை. அவள் பண்ணினாள். பண்ணினாளா? அது ஒரு பொட்டு அளவு மாதா மெடல், கொட்டைப்பாக்கு அளவுகூட இல்லை, அலுமினியம், அது போயா ஒரு பெட்டியைச் சாகடிக்கும்.

காலையில் அவன் குளிக்கப் போயிருந்தான். மேசை மேல் கம்ப்யூட்டர் கேபினெட் ஒரு பக்கம் திறந்து கிடந்தது, அறுத்துவைத்த மீன் மாதிரி, உள்ளே இருக்கிறதெல்லாம் தெரிய. சிவப்பும் கருப்பும் மஞ்சளுமாகக் கம்பிகள். மீனுக்குக் குடல் எடுத்தே வளர்ந்தவள், அவளுக்கு அருவருப்பு இல்லை, ஆனாலும் ஒரு பயம் வந்தது. இவன் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். ஸ்டுடியோக்காரரோடு வாய்ச்சண்டை போட்டு, ஒரு நாற்காலியைத் தூக்கி அடித்துவிட்டு வெளியே வந்தவன். நாற்காலிதானம்மா, ஆள் மேல படல என்றான். இனிமேல் சொந்தத் தொழில், வீட்டிலேயே, அதற்கு ஒரு கம்ப்யூட்டர், கடைக்காரன் கோர்த்தால் ஏமாற்றுவான், நானே கோர்ப்பேன். சாமான் சாமானாக வந்து இறங்கியது. ஒவ்வொரு அட்டைப்பெட்டியையும் அவன் திறந்த விதத்தைப் பார்த்தபோது அவளுக்கு அவள் அப்பச்சி ஞாபகம்தான். அப்பச்சி வள்ளம் கட்டுகிற ஆசாரிகளோடு நின்று கட்டினவர். வள்ளத்தின் அடிக்கட்டையான ஏராவும் பலகையும் சேர்கிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத பொருத்தில், ஒரு மாதா மெடலை வைத்து அதன் மேல்தான் அடுத்த பலகையை அடிப்பார். பொருத்தின எதுக்கும் உள்ளே ஒரு மெடல் கெடக்கணும், இல்லன்னா கடல் அதப் பிரிச்சுப் பாக்கும் என்பார். அவள் அதைத்தான் செய்தாள். கோயிலில் மந்திரித்து வாங்கி வைத்திருந்த மெடலை முந்தானையிலிருந்து அவிழ்த்து, உதட்டில் வைத்து முத்தி செய்து, அந்தப் பச்சைப் பலகைக்கும் பின்னால் இருக்கிற தகரத்துக்கும் நடுவில் ஒரு சந்து தெரிந்ததே, அதன் விளிம்பில் வைத்தாள். வேறெங்கே வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவான். உங்க மாதாவ என் ரூமுக்குள்ள விடாதீங்கம்மா என்று சொன்னவன். கோயிலுக்கு வருவதை நிறுத்தி வருஷக்கணக்கு ஆகிறது. விளிம்பில்தான் வைத்தாள். அது நிற்கவில்லை. கிணுக்கென்று ஒரு சத்தம். உள்ளே விழுந்துவிட்டது. பலகைக்குப் பின்னால். விரல் போகவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. சரி, எங்கே விழுந்தால் என்ன, உள்ளேதானே கிடக்கிறது, மாதா பார்த்துக்கொள்வாள் என்று வந்துவிட்டாள். அருள் நிறைந்த மரியே. பார்த்துக்கொள். நன்றாகப் பார்த்துக்கொள்.

கற்றூணில் கட்டி அவரை அடித்தார்கள். இந்த இரகசியம் வந்தால் மற்றவர்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்யவேண்டும், அமலோற்பவத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. தோல்பட்டை வரும்போது காற்றில் ஒரு சின்ன விசில் வரும், அது முதலில். அதன் பிறகுதான் அடி. விசிலுக்கும் அடிக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் உடம்பு முழுக்க ஒரே முதுகாகிவிடும். தஸ்நேவிஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தான். பெல்ட்டின் பித்தளைக் கொக்கியில் ஒரு நங்கூரம் இருந்தது. ஒரு தடவை அந்த நங்கூரம் அப்படியே அவள் முதுகில் இறங்கி, மேலே வளையம், கீழே இரண்டு கொம்பு, ஒரு தப்பும் இல்லாமல், வெகுநாள் கிடந்தது. என்ன அமலு முதுகுல என்று கோயில் ஜெபக்கூட்டத்து மரியாயின் சேனைக்கார அக்கா கேட்டாள். வெந்நீ கொட்டிருச்சுக்கா. வெந்நீர் நங்கூரமாகவா கொட்டும். அந்த அக்கா, வா ஜெபமாலைக்கு நேரமாச்சு என்றாள். டிக். விர். ஒன்றுமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெர்க்மான்ஸ் யாரோடோ போனில் பேச ஆரம்பித்தான். கூட்டாளி கிளாட்வின். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான், கை இரண்டும் பெட்டிக்குள் இருக்கும். “மாப்ள, கரண்டு குடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸ தனியா கழத்தி கம்பியச் சொருகிப் பாத்துட்டேன், அது ஓடுது. மெமரி ராமையும் மாத்தி மாத்திப் போட்டாச்சு. இதுல மாட்டினா மட்டும் ஒரு துடி துடிச்சிட்டு நிக்கிது.” கிளாட்வின் எதையோ மென்றுகொண்டே பேசினான். “அப்பம் போர்டு எங்கனயோ ஷார்ட் ஆகுதுல. பின்னால தகரத்துல ஏதாவது தொடுதான்னு பாரு. வெளிய எடுத்து அட்டைப்பெட்டி மேல வச்சு ஓட்டிப் பாரு.” “அதெல்லாம் நான் கரெக்டாத்தான்ல மாட்டிருக்கேன். எனக்குச் சொல்லித் தாறியோ?” “ஏல, நான் சொல்லுதத சொல்லுதேன். கேட்டா கேளு, கேக்காட்டி அந்தப் பெட்டிக்கு ஒரு பூசை வச்சிரு.” சிரித்தான். பெர்க்மான்ஸ் சிரிக்கவில்லை. போனைக் கட்டிலில் எறிகிற சத்தம்.

ஷார்ட். அந்த வார்த்தை அமலோற்பவத்துக்குத் தெரியும். சுவிட்சுப் பெட்டியில் இரண்டு கம்பி தொட்டுக்கொண்டு, டப்பென்று கருகி, வீடு முழுக்க ரப்பர் நாற்றம் அடித்ததே, அதற்குப் பேர் ஷார்ட். தொடக்கூடாத இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று கிடந்தால் ஷார்ட். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில். அவள் விரல் ஜெபமாலை மணியை நசுக்கியது. ஆக அவள்தான். ஆக மாதாதான். அத்தனை இடம் கிடக்க, நீ எதுக்குப் போய் அந்தச் சந்தில் விழுந்தாய், உன்னை விளிம்பில்தானே வைத்தேன், உனக்கு நிற்கத் தெரியாதா. படத்தில் மாதா நீலச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கண்ணாடியை உடைத்து, உடைந்த சில்லால் அந்தச் சிரிப்பை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கீறவேண்டும் போல அவள் கை துடித்தது. ஐயோ. சிலுவை போட்டுக்கொண்டாள். மன்னியும் தாயே. இப்போது எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். பத்தடி தூரம்தான். மகனே, அதுக்குள்ள ஒரு மெடலு கெடக்கு, நான்தான் போட்டேன். வாயில் சொல் உருண்டு வருகிறது, கால் எழும்பவில்லை. எதற்குப் பயம், பெற்ற பிள்ளைதானே, ஒரு நாளும் அவள் மேல் கை வைத்ததில்லை. கை வைக்காதது மட்டுமா? மேல்நிலைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில், அரும்பு மீசையோடு, தஸ்நேவிஸ் பெல்ட்டை ஓங்கினபோது வந்து மணிக்கட்டைப் பிடித்தவன் இவன்தானே. பிடித்தபடியே நின்றான். அப்பாவின் எலும்பு நெரிகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அன்றோடு பெல்ட் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அந்தக் கையை அவள் எத்தனை நாள் நினைத்து நினைத்துப் பூரித்திருக்கிறாள், என் மவன் கை, என் மவன் கை என்று. ஆனால் அன்றைக்கு அவன் முகத்தை அவள் பார்த்தாள் அல்லவா. அப்பாவின் முகம் வலியில் கோணுகிறதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கினானே. தேவையே இல்லாமல். அதையும் பார்த்தாள். பார்த்து, பார்க்காத மாதிரி மடித்து வைத்துவிட்டாள்.

முள்முடி. அவர் தலையில் அதை வைத்து அழுத்தினார்கள். மூங்கில் கம்பால் அழுத்தினார்களாம், கையில் முள் குத்திவிடக்கூடாது பாருங்கள், அடிக்கிறவனுக்கு எப்போதும் தன் கை மேல்தான் அக்கறை. தஸ்நேவிஸ் அடித்து முடித்ததும் உள்ளங்கையில் ஊதிக்கொள்வான். டங்! சுவரில் ஏதோ வந்து அறைந்தது. அவள் தலைக்கு நேராக, ஒரு சாண் மேலே. சுண்ணாம்புத் துணுக்கு முக்காட்டில் விழுந்தது. ஸ்க்ரூ டிரைவர். சுவர் மட்டும் இல்லாவிட்டால் உச்சியில் இறங்கியிருக்கும், முள்ளோடு முள்ளாக. அடுத்து மேசையைக் குத்தினான். மேசை மேல் இருந்த சின்னச் சின்ன திருகாணிகள் எல்லாம் ஒரு தரம் துள்ளி விழுந்தன, சோளம் பொரிகிற மாதிரி. அவள் வயிற்றுக்குள் இன்னொருத்தி எழுந்து நின்றாள். அந்த இன்னொருத்தி சாந்தமானவள் இல்லை, அவளுக்கு ஜெபம் தெரியாது, அவளுக்கு அரிவாள்மனையும் குழவியும்தான் தெரியும். அவள் சுவரைப் பிளந்துகொண்டு போய் அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அந்தப் பெட்டியின் பலகையைக் குத்துகிறாள், கம்பிகளைக் குடல் குடலாக உருவுகிறாள், அதோடு நிற்காமல் திரும்பி, ஓங்கின அந்தக் கையை மேசை மேல் பிடித்து அழுத்தி, உள்ளங்கைக்கு நடுவில்… சேசுவே. சேசுவே. அவன் கையா, அவன் அப்பா கையா, எந்தக் கை அது, யார் உள்ளங்கை. நான் எந்த இரகசியத்தில் இருக்கிறேன். மணி தவறிவிட்டது. மறுபடி முதலில் இருந்து. போய்ச் சொல்லு அமலு. ஜெபமாலையில் இந்தப் பத்து மணி முடியட்டும், போகிறேன். முடித்துவிட்டுப் போனால் ஒரு பலம் இருக்கும்.

அப்போதுதான் வினோலியாவின் கொலுசு கேட்டது. மருமகள். மணப்பாடு ஊர்க்காரி, வாய் நிறையச் சிரிப்பாள், இந்த வீட்டுக்கு வந்த பிறகு பல் தெரியாமல் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். தண்ணீர்ச் சொம்போடு போயிருப்பாள். போகாதே பிள்ளே. இப்பம் போகாதே. “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பாருங்களேன்.” “இங்கன எவ தொட்டா?” “எத?” “எதவா? காலைல நான் குளிக்கப் போகும்போது எல்லாம் சரியா இருந்துது. யாரு உள்ள வந்தா?” “நான் தரையத் தொடைக்க வந்தேன். ஓரமாத்தான் தொடச்சேன்.” “ஈரத்துணி கொண்டாந்தியா? பெட்டி தொறந்து கெடக்கு, நீ ஈரத்துணி கொண்டாந்தியா?” “மேசைப் பக்கமே வரலங்க. சத்தியமா.” “சத்தியமா. வீடியோ கேட்டு நிக்கிற அந்தக் கல்யாண வீட்டுக்காரனுக்கு நான் என்ன சொல்லட்டும்? என் பொண்டாட்டி தரை தொடச்சா, அதனால ஒங்க புள்ள கல்யாணம் போச்சுன்னு சொல்லவா?” “நான் தொடல.” அந்தப் பெண்ணின் குரலில் ஒரு சின்ன நிமிர்வு வந்தது. செய்யாதவளுக்கு வருகிற நிமிர்வு. அதுதான் ஆபத்து. அமலோற்பவத்துக்குத் தெரியும், குனிந்தால் ஒரு அடியோடு போகும், நிமிர்ந்தால் அடிக்கிறவர்களுக்குத் தாங்காது. தொட்டேன்னு சொல்லிரு பிள்ளே. நான்தான் தொட்டேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லிரு. இல்லை, நான் வருகிறேன், நான் சொல்கிறேன், இதோ எழுந்துவிட்டேன். எழவில்லை. கால் மரத்துக் கிடக்கிறது, இல்லை, கால் நன்றாகத்தான் இருக்கிறது, இந்த மணி ஒன்று, இன்னும் இந்த மணி ஒன்று. அருள் நிறைந்த.

அந்தச் சத்தம் கையிலிருந்து வருவது என்று ஊரில் நினைக்கிறார்கள். கன்னத்திலிருந்துதான் வரும். ஒரே ஒரு சத்தம். சொம்பு விழுந்து உருண்டது, தண்ணீர் கதவுக்கு அடியில் வந்து அவள் பாயின் ஓரத்தைத் தொட்டது. அதன் பிறகு வீடு முழுக்க ஒரு அமைதி, அந்த அமைதியும் அவளுக்குத் தெரியும், அதற்குள் ஒருத்தி தன் பல்லை நாக்கால் எண்ணிக்கொண்டிருப்பாள். அமலோற்பவம் அசையாமல் இருந்தாள். அவள் உடம்பில் ஒன்று நடந்தது, அதை அவளே பார்த்தாள். தோள் இறங்கியது. நெஞ்சுக்குள் கட்டியிருந்த மூச்சு மெல்லக் கழன்று வெளியே வந்தது. அப்பாடா. நான் இல்லை. அவ்வளவுதான் அது. நான் இல்லை, அவள். அடி விழுந்தாயிற்று, விழுந்தது என் மேல் இல்லை. அந்த ஆறுதல் பாயசம் மாதிரி தொண்டைக்குள் இறங்குகிறதைக் கண்டுகொண்டதும் அவளுக்குக் குமட்டியது. தஸ்நேவிஸின் எந்த அடிக்கும் இப்படிக் குமட்டியதில்லை. தேவ இரகசியமாம். ஜெபமாலையை இழுத்தாள், அது புடவை நூலில் சிக்கிக்கொண்டது, இன்னும் இழுத்தாள், அறுந்தது. மணிகள் ஈரத்தில் சிதறின. பொறுக்கவில்லை. எழுந்தாள். அந்தக் கால்தான், சற்று முன்னால் எழாத கால்தான், இப்போது ஒன்றுமே இல்லாத மாதிரி எழுந்து நடந்தது.

கதவைத் தள்ளினாள். வினோலியா அலமாரியோடு ஒட்டி நின்றாள், ஒரு கை கன்னத்தில். பெர்க்மான்ஸ் உள்ளங்கையை வாய்க்கு அருகில் வைத்து ஊதிக்கொண்டிருந்தான். “நான்தாம்ல தொட்டேன்” என்றாள் அமலோற்பவம். “நீ குளிக்கப் போகும்போது வந்தேன். ஒரு மெடலு வச்சேன். பலகைக்குப் பின்னால விழுந்திட்டு. அவ தொடல. நான்தான்.” சொல்லிவிட்டு முகத்தை நேராக வைத்துக்கொண்டாள். வரட்டும். விசில் வரட்டும். அந்த இடத்துக்குள் போய் நின்று எத்தனை காலம் ஆயிற்று. வரவில்லை. அவன் கண் அகன்றது, வாய் திறந்தது, பிறகு முகம் அப்படியே இளகிவிட்டது. “ஏம்மா,” என்றான், எவ்வளவு மெதுவாக, காய்ச்சல்காரியிடம் பேசுகிற மாதிரி, “காலையிலேயே சொல்லிருக்கலாம்ல? நான் என்ன உங்கள அடிச்சிரவா போறேன்?” அந்த மென்மை அவளைப் பெல்ட்டை விட ஓங்கி அறைந்தது. இவனிடம் இந்தக் குரல் இருக்கிறது. ஒளித்து வைக்கவில்லை, தொலைக்கவில்லை, வேண்டும் என்றால் எடுக்கிற இடத்திலேயே இருக்கிறது. அம்மாவுக்கு என்றால் எடுக்கிறான். கட்டினவளுக்கு என்றால் எடுக்கவில்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது, சாத்தான் கையைப் பிடித்துவிட்டான் என்று அவள் தஸ்நேவிஸுக்காக ஆயுள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தாளே. எந்தச் சாத்தான். ஆளைப் பார்த்து, யாரை அடிக்கலாம் என்று பார்த்து, அதன் பிறகுதான் கண் மறைகிறது.

அவன் குந்தி உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினான். பலகையை முன்னால் சாய்த்ததும் மெடல் தகரத்தில் வழுக்கிக் கீழே விழுந்தது, ஓரத்தில் கொஞ்சம் கருத்திருந்தது. “இதப் பாரேன்” என்று சிரித்தான். “உங்க மாதா என் போர்டையே கொல்லப் பாத்துட்டாங்கம்மா.” மறுபடி மாட்டினான். விசிலடித்துக்கொண்டே மாட்டினான். டிக். விர் என்றது, நிற்கவில்லை, ஓடியது. பெட்டிக்குள் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன, திருவிழாவுக்குத் தேர் ஜோடித்த மாதிரி. “எரிஞ்சிட்டு! கிளாட்வினு, எரிஞ்சிட்டுல!” என்று போனைத் தேடினான். தேடிக்கொண்டே, திரும்பாமலே, “வினோ, ஒரு காப்பி போடு பிள்ளே, ஸ்ட்ராங்கா” என்றான். எந்தக் கை, எந்தக் கன்னம், எல்லாம் முடிந்துவிட்டது அவனுக்கு. விளக்கு எரிந்துவிட்டது அல்லவா. வினோலியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். போனாள். அமலோற்பவம் அந்தக் கொலுசைக் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தாள்.

பால் பாத்திரம் அடுப்பில் ஏறியிருந்தது. அந்தப் பெண்ணின் இடது கன்னத்தில் விரல்கள் தனித்தனியாக எழும்பிக்கொண்டிருந்தன. “பரவால்ல அத்தை,” என்றாள், பார்க்காமலே. “டென்ஷன்ல பண்ணிட்டாவ. ரெண்டு நாளா தூக்கமில்லல்லா. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாவ.” இதே வார்த்தைகளை, இதே வரிசையில், ஒரு மாற்றமும் இல்லாமல், இவள் எங்கே போய்ப் படித்தாள். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் அமலோற்பவத்தின் வாய் பழகியிருந்தது. மன்னித்துவிடு, ஜெபம் பண்ணு, திருந்துவான். அந்த வார்த்தைகள் நாக்கின் நுனி வரைக்கும் வந்து வரிசையாக நின்றன. அவற்றை விழுங்கினாள், கல் விழுங்குகிற மாதிரி. கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். “மன்னிச்சிராத பிள்ளே” என்றாள். வினோலியா திரும்பினாள். “என்ன அத்தை?” “மன்னிச்சிராதன்னேன். ஒங்க அண்ணனுக்குப் போனப் போடு.” “ஐயோ, அண்ணன் வந்தா வெட்டிக் குத்திருவான். வேணாம் அத்தை. அவங்க உங்க மவன்.” “ஆமா. அதாம் நான் பேசுதேன்.” போன் இருந்த இடுப்பைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்தப் பெண் தயங்கினாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு எண்ணை அழுத்தி மாமியார் கையில் கொடுத்தாள். உள் அறையில் பெர்க்மான்ஸ் காப்பி என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தான். மணி அடித்தது. அடித்தது. வெட்டட்டும், குத்தட்டும், போலீசு வரட்டும், தெரு பூராவும் கூடட்டும், என் பிள்ளை அதே கையைக் கட்டிக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் நிற்கட்டும். பெற்ற வயிறு எரிந்தது, எரிந்தாலும் போனைக் காதை விட்டு எடுக்கவில்லை. “யாரு?” என்றது அந்தப் பக்கத்துக் குரல், பின்னால் கடல் இரைந்தது. அமலோற்பவம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “தம்பி, நான் பெர்க்மான்சோட அம்மா பேசுதேன். என் மவன் ஒன் தங்கச்சிய அடிச்சிட்டான்.”